நெருப்பில்லாச் சமையலும் சில வெங்காயங்களும்

முதல்லயே சொல்லிடறேன், இது சமையல் குறிப்புப் பதிவு இல்லை. "பொன்னிறமாக வதக்கி இறக்கவும்" தேடி வந்த தங்கமணிகளும் ரங்கமணிகளும் மன்னிக்கணும். இது கொஞ்சம் கடுப்புல எழுதுறது. ஆணி புடுங்குன நேரம் போக மிச்ச நேரத்துல தட்டுறதால கோர்வை முன்னப் பின்ன இருக்கும். பொறுத்துக்குங்க மக்கா.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடங்கள்ல "நெருப்பில்லாச் சமையல்" போட்டின்னு ஒண்ணு நடத்துறாங்க. நாரோயில்ல இருக்குற சொந்தக்காரப் பிள்ளைக வழியா கேள்விப்பட்டு, அனுப்பின படங்களையும் பார்த்து வயிறெரிஞ்சு போய் இருக்கேன். (நெருப்பில்லாமயே எரியிறது உலகத்துல இது ஒண்ணுதான் :-))

அதுல என்ன செய்வாங்க? பிரெட்டை முக்கோணமா வெட்டி நடுவுல வெள்ளரிக்கா வைப்பாங்க. பிஸ்கட்டை நொறுக்கி, டப்பா பால் ஊத்திப் பிசைஞ்சு, உருட்டி, "லட்டு"ம்பாங்க. தக்காளியில ரோஜாப்பூ இருக்கும். அந்த ரோஜாப்பூவை முந்தின நாள் ராத்திரி பதினோரு மணிக்கு அம்மா வெட்டியிருப்பா. பிள்ளை செஞ்ச வேலை, தலையில காகிதத் தொப்பி மாட்டிக்கிட்டு அடுக்கி வச்சது மட்டும். நடுவர் வருவார், "பிரசன்டேஷன்"க்கு பத்துக்கு எட்டு போடுவார். சான்றிதழ், போட்டோ, வாட்சப் ஸ்டேட்டஸ். முடிஞ்சது சமையல் கல்வி!

இதுக்குப் பேரு சமையல்னா, தொட்டியில தண்ணி விடாம தரையில படுத்து கை கால் ஆட்டுறதுக்கும் நீச்சல்னு பேரு வைக்கலாம். பொட்டி தட்டுறவங்க பாஷையில சொன்னா, ஒரு வரி கோடு ஓட்டிப் பாக்காம பவர்பாயிண்ட்ல மட்டும் மென்பொருள் எழுதின கதை. டெமோ அருமையா இருக்கும். வாடிக்கையாளர் கையில குடுத்தாத்தான் தெரியும் சங்கதி.

சமையல்னா என்ன? பச்சையா தின்ன முடியாத ஒண்ண, நெருப்பையும் தண்ணியையும் வச்சு தின்னக்கூடியதா மாத்துறது. அரிசி எப்ப வேகும், உப்பு எப்ப போடணும், தீயை எப்ப குறைக்கணும்னு கண்ணாலயும் மூக்காலயும் காதாலயும் கத்துக்கிறது. பத்து வயசுப் பிள்ளைக்கு இது முடியும். தனியா இல்ல, அஞ்சாறு பிள்ளைக சேர்ந்தா இன்னும் நல்லாவே முடியும். எங்க ஊர்ல முடிஞ்சிருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

நாஞ்சில் நாட்டுல பிள்ளைகளுக்கு கூட்டமா சமையல் சொல்லிக் குடுக்கிறதுக்கு ஒண்ணுக்கு மூணு பள்ளிக்கூடம் இருந்தது. போர்டு கிடையாது, ஃபீஸ் கிடையாது.

முதல் பள்ளிக்கூடம், பிள்ளைகளே நடத்தினது. கூட்டாஞ்சோறு. ஆளுக்கு ஒரு பிடி அரிசி, ஒருத்தன் பருப்பு, ஒருத்தி உப்பு, ஒருத்தன் வீட்டுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்த தேங்கா. மூணு கல்லு அடுப்பு. எரிக்க சிரட்டையும் கொதும்பும். சோறு பாதி வெந்திருக்கும், அடியில பிடிச்சிருக்கும், அப்பவும் சட்டி காலியாயிரும். யார் வீட்டுப் பிள்ளை எதைக் கொண்டு வந்ததுன்னு வெந்த பிறகு பிரிச்சு எடுக்க முடியாது பாருங்க. இந்தப் பாடம் எந்தப் புத்தகத்துலயும் கிடையாது.

ரெண்டாவது, ஔவையார் நோன்பு. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆம்பளைங்க தூங்கினப்புறம் பொம்பளைங்க மட்டும் கூடி, உப்பில்லாம அரிசிமாவுல கொழுக்கட்டை செஞ்சு, கதை சொல்லி விடியிறதுக்குள்ள தின்னு முடிக்கிறது. அசந்தா ஆடி, மறந்தா மாசி, தப்பினா தைன்னு கணக்கு. ஆடிச் செவ்வாய்ல தோவாளைப் பக்கம் ஔவையாரம்மன் கோவில்ல கொழுக்கட்டை அவிக்கிறது இன்னைக்கும் உண்டு. பாவாடை கட்டின சின்னப் பிள்ளையில இருந்து பல்லு போன ஆச்சி வரைக்கும் ஒரே இடத்துல உட்கார்ந்து மாவு பிசைவாங்க. மாவு எந்தப் பதத்துல கையில ஒட்டாதுன்னு ஆறு வயசுலயே கத்துக்க வேற இடம் ஏது? ஆனா ஆம்பளைப் பிள்ளை அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது. கொழுக்கட்டையைக் கண்ணால பாக்கவும் கூடாது.

மூணாவது, கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி காய் வெட்டு. பந்தலுக்குப் பின்னால ஆக்குப்புரை. ஊர் ஆம்பளைங்க மொத்தப் பேரும் கூடுவாங்க. சேனை, தடியங்காய், ஏத்தங்காய், முருங்கைக்காய் மலையா கிடக்கும். அவியலுக்கு விரல் நீளத்துக்கு வெட்டணும், சாம்பாருக்குப் பெருசா, துவரனுக்குப் பொடிசா. சின்னப் பயலுகளுக்கு முதல்ல உள்ளி உரிக்கிற வேலை. அப்புறம் முருங்கைக்காய். கை படிஞ்சப்புறம்தான் சேனையில கத்தி வைக்க விடுவாங்க. தேங்கா திருவுறதுக்குன்னே நாலு பேர். "லேய், அவியலுக்கு இப்பிடியா வெட்டுவா? இது என்ன எரிசேரியா?"ன்னு பெருசுக போடுற சத்தத்துலயே பாதி சமையல் படிச்சிரலாம்.

இந்த மூணுக்கும் இன்னைக்கு என்ன கதி? கூட்டாஞ்சோறு விளையாட இடமும் இல்ல, நேரமும் இல்ல. சனி ஞாயிறு டியூஷன், அபாகஸ், அதுக்கப்புறம் நீட் கோச்சிங். நோன்பு ஆச்சிமார்களோட மெல்ல மெல்லக் குறையுது. காய் வெட்டை கேட்டரிங்காரங்க எடுத்துக்கிட்டாங்க, வெட்டின காய் வேன்ல வந்து இறங்குது. மிச்சம் இருக்கிறது பிஸ்கட் லட்டு.

பழசை நினைச்சு புலம்புறேன்னு நினைக்காதீங்க. அந்த மூணு பள்ளிக்கூடத்துலயும் பெரிய ஓட்டை இருந்தது. கொழுக்கட்டையில இருந்து பயலுகளைத் துரத்தினாங்க. ஆக்குப்புரையில பொம்பளைப் பிள்ளைகளைக் காண முடியாது. விளைவு என்ன? ஆயிரம் பேருக்கு அவியல் வைக்கிற ஊர்க்கூட்டத்துல நின்னு சேனை வெட்டின அதே ஆளு, வீட்டுல பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னா அரிசி டப்பா எங்க இருக்குன்னு தெரியாம முழிப்பாரு. ஊருக்குச் சமைச்சா கைராசி, வீட்டுக்குச் சமைச்சா பொண்டாட்டிதாசன். எந்த ஊர் நியாயம்வே இது?

கணக்கு வேணும்னு கேக்குறவங்களுக்கு கணக்கு. 2019-ல மத்திய அரசு நடத்தின நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலையில ஒரு நாளைக்கு பெண்கள் செலவழிச்சது 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். அதுவும் அன்னைக்கு ஏதாவது வேலை செஞ்ச ஆளுகளுக்கு மட்டும் போட்ட சராசரி. அப்படிச் செஞ்ச பெண்கள் நூத்துக்கு 81 பேர், ஆண்கள் நூத்துக்கு 26 பேர். பாக்கி 74 ஆம்பளைங்க அந்தக் கணக்குக்குள்ளயே வரலை. பத்து வயசுல கரண்டி பிடிக்காத கை முப்பது வயசுல திடீர்னு பிடிக்கும்னு எதிர்பாக்குறதெல்லாம் சின்னப்புள்ளத்தனமா இருக்கு.

வெளியில என்ன நடக்குதுன்னு பாருங்க. ஜப்பான்ல அஞ்சாம் வகுப்பு, ஆறாம் வகுப்புல மனையியல் கட்டாயப் பாடம், பையன் பொண்ணு ரெண்டு பேருக்கும். குழுவாப் பிரிச்சு சோறு வடிக்கவும் மிசோ சூப் வைக்கவும் சொல்லிக் குடுக்கிறாங்க, நெஜ அடுப்புல. அங்கயும் மேல் வகுப்புல ரொம்ப நாள் பொம்பளைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இருந்தது. 1993-ல நடுநிலைக்கும் 1994-ல மேல்நிலைக்கும் ரெண்டு பேருக்கும் பொதுவாக்கினாங்க. இங்கிலாந்துல 2014 செப்டம்பர்ல இருந்து 14 வயசு வரைக்கும் சமையல் பாடத்திட்டத்துக்குள்ள வந்துருச்சு.

அவ்வளவு தூரம் எதுக்கு? களியக்காவிளை தாண்டினா கேரளா. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாமளும் அந்தப் பக்கம்தானே இருந்தோம். 2024-ல அங்க மூணாம் வகுப்புப் பாடப் புத்தகத்துல அப்பா அடுக்களையில உட்கார்ந்து தேங்கா திருவுற மாதிரி படம் போட்டாங்க. படம் போட்டா மட்டும் போதுமான்னு கேட்டா, போதாதுதான். ஆனா நம்ம பக்கத்துல மனையியல்னா பிளஸ் ஒன்ல அறிவியல் குரூப் கிடைக்காத பொண்ணுங்க எடுக்குற பாடம்னுதானே இன்னமும் ஒரு நினைப்பு ஓடுது?

சரி, இனி எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம்.

1) "நெருப்புல கை வச்சா பிள்ளைக்கு ஏதாவது ஆகிருமே?"

இது ஒண்ணுதான் நியாயமான பயம், அதனால கிண்டல் பண்ணாம பதில் சொல்றேன். 2004 ஜூலை 16. கும்பகோணத்துல 94 பிள்ளைக. சத்துணவுச் சமையல் கூடத்துல பிடிச்ச தீ. அந்தத் தேதியை மறந்துட்டு யாரும் பள்ளிக்கூடத்துல அடுப்பைப் பத்திப் பேசக் கூடாது. ஆனா அந்தப் பிள்ளைகளைக் கொன்னது கீத்துக் கூரையும், ஒரே கட்டடத்துல மூணு பள்ளிக்கூடத்தைத் திணிச்சதும், தப்பிக்க வழியில்லாம வச்சதும். அதுல படிக்க வேண்டிய பாடம், திறந்த வெளி, கூரையில்லாத இடம், பக்கத்துல ரெண்டு வாளி தண்ணி, ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியாள். நெருப்பையே கண்ணுல காட்டாம வளக்குறது அந்தப் பாடம் இல்ல. நெருப்புன்னா என்னன்னு தெரியாத பிள்ளைதான் நைலான் சட்டையோட அடுப்புப் பக்கம் குனியும். சட்டிக் கைப்பிடியை வெளிய நீட்டி வைக்கும். சுட்டா பேனா மையும் பற்பசையும் தேடி ஓடும். இருபது நிமிஷம் குழாய்த் தண்ணியில காட்டணும்னு சொல்லிக் குடுக்க எந்த பிரெட் முக்கோணத்துக்குத் தெரியும்?

2) "படிக்கிற நேரத்துல இதெல்லாம் எதுக்கு?"

மரச்சீனிக் கிழங்கை எடுத்துக்குங்க. விசாகம் திருநாள் மகாராஜா காலத்துல, 1880களில், திருவிதாங்கூர்ல பரப்பின கிழங்கு. ரெண்டாம் உலகப் போர்ல பர்மா அரிசி நின்னப்போ நம்ம ஆளுகளைப் பட்டினியில இருந்து காப்பாத்தினது. இதை ஏன் மூடாம வேகவச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டுறோம்? கிழங்குல இருக்குற லினமாரின் உடைஞ்சா சயனைடு வரும். அது தண்ணியோடயும் ஆவியோடயும் போகணும். ஒரு கிழங்குல வேதியியல் இருக்கு, வரலாறு இருக்கு, திருவிதாங்கூர் அரசியல் இருக்கு. இதைவிட என்ன பெரிய படிப்பு? எஞ்சினியரிங்ல நாலு வருஷம் தெர்மோடைனமிக்ஸ், ஹீட் டிரான்ஸ்ஃபர்னு எழுதித் தள்ளி, அரியர் வச்சு, கிளியர் பண்ணி வெளிய வந்த கூட்டம்தான் இப்ப பெங்களூர் ரூம்கள்ல சோத்துக்கு எவ்வளவு தண்ணி வைக்கணும்னு யூடியூப்ல தேடிக்கிட்டு இருக்கு.

3) "ஸ்விக்கி, சொமாட்டோ இருக்கே?"

இருக்கு. சம்பளமும் இருக்கிற வரைக்கும் இருக்கும். மாசக் கடைசியில கேட்டுப் பாருங்க. மூணு வேளையும் ஹோட்டல் எண்ணெயில ஓடுற வயிறு முப்பது வயசுல ரிப்போர்ட் குடுக்கும், அதை எந்த ஆப்லயும் கேன்சல் பண்ண முடியாது. ஓகி புயல் 2017 நவம்பர் கடைசியில வந்தப்போ குமரி மாவட்டத்துல பல ஊர்ல நாள்கணக்கா கரண்ட் இல்ல. அந்த நேரத்துல டெலிவரி பையன் வருவானா, மூணு கல்லு அடுப்பு உதவுமா?

4) "எங்க வீட்டுல பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தாச்சே, பையனுக்கு எதுக்கு?"

மேல இருக்குற 299-ஐயும் 97-ஐயும் இன்னொரு தடவை படிங்க. அப்பவும் புரியலேன்னா சவத்த விடுங்க, அடுத்த பத்திக்குப் போலாம்.

5) இந்த அஞ்சாவது வாதத்தை யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க. "எல்லார் வீட்டுப் பிள்ளைகளோடயும் சேர்ந்தா?"

வாங்க, இங்கதான் இருக்கு சூட்சுமம். ஆளாளுக்கு வீட்டுல இருந்து டப்பா கொண்டு வந்து தனித்தனித் தட்டுல அடுக்கினா பிரச்சினையே இல்ல. ஒரே சட்டியில எல்லாப் பிள்ளையும் அரிசி போட்டு, எல்லாப் பிள்ளையும் கிண்டி, எல்லாப் பிள்ளையும் தின்னாத்தான் சில பேருக்கு நெஞ்சு கரிக்கும். நூறு வருஷத்துக்கு முன்னால, 1920களில், நமக்குப் பக்கத்துல சேரன்மாதேவியில வ.வே.சு.ஐயர் நடத்தின குருகுலத்துல பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதுல வெடிச்ச சண்டை காங்கிரசையே உலுக்குச்சு. அது பழைய கதைன்னு சொல்லாதீங்க. 2023 செப்டம்பர்ல எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டி தொடக்கப் பள்ளியில, சமைக்கிறவர் தலித்துங்கிறதுக்காக காலை உணவை பிள்ளைகளைச் சாப்பிட விடாம வச்சாங்க. அமைச்சர் கீதா ஜீவனும் எம்.பி. கனிமொழியும் நேர்ல போய், கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டி வந்துச்சு.

இத்தனைக்கும் எங்க சாமித்தோப்புல, பத்தொன்பதாம் நூற்றாண்டுலயே, அய்யா வைகுண்டர் சாதி பாக்காம ஒரே கிணத்துத் தண்ணி, ஒரே பந்தின்னு வச்சுக் காட்டிட்டார். தோள்சீலைக்காக அடிபட்ட மண்ணு இது. அந்த மண்ணுல இருந்துக்கிட்டு, பிள்ளைக ஒரே சட்டியில சோறு பொங்குறதுக்கு யோசிக்கிறோம்னா, நாமதான் வெக்கப்படணும்.

அதனாலதான் "குழுவா"ங்கிற வார்த்தையை நான் விட்டுக் குடுக்க மாட்டேன். தனியா அம்மா பக்கத்துல நின்னு கத்துக்கிட்டா சமையல் மட்டும் வரும். கூட்டமா கத்துக்கிட்டா, அடுத்தவன் கைப் பக்குவத்தை நம்பித் தின்னவும் வரும். உப்பு கூடிப்போச்சுன்னா யார் போட்டதுன்னு சண்டை போடாம, இன்னும் ரெண்டு செம்பு தண்ணியும் ஒரு பிடி அரிசியும் சேர்க்கணும்னு தெரியும். இதத்தான் எங்க கம்பெனிகள்ல டீம் ஒர்க்குன்னு ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டுப் போய், பலூன் ஊத வச்சு சொல்லிக் குடுக்கிறாங்க. ரூம் போட்டு யோசிப்பாங்க போல.

சும்மா திட்டிட்டுப் போனா "நீ என்ன செய்யச் சொல்றே"ன்னு கேப்பீங்க. இதோ. சித்திரை விடுமுறையில அஞ்சு நாள் போதும். எட்டு வயசுக்கு மேல, ஆறு பிள்ளைக்கு ஒரு அடுப்பு, ஒரு பெரியாள். பருத்தித் துணி, முடியைக் கட்டணும், திறந்த இடம்.

முதல் நாள் பயறு கஞ்சி. ஒரு உழக்கு அரிசிக்கு கால் உழக்கு சிறுபயறு, வெந்தப்புறம் உப்பு, இறக்கும்போது திருவின தேங்கா. வடிக்க வேண்டாம்கிறதால சுடுற வேலை குறைவு. ரெண்டாம் நாள் மரச்சீனி, தண்ணியைக் கொட்டுற வேலை பெரியாளுக்கு. மூணாம் நாள் காணத்துவையல்: காணத்தை வறுத்து, வத்தல் மிளகா, தேங்கா, புளி, ரெண்டு பல் பூண்டு வச்சு அம்மியில அரைக்கணும். மிக்சி கூடாது, தோள் வலிக்கட்டும். நாலாம் நாள் துவரன், அன்னைக்குத்தான் முதல் தடவையா எண்ணெயும் கடுகும். மூடி போட்டுக்கிட்டு கடுகு வெடிக்கிறதைக் கேக்குறது தனி சுகம். அஞ்சாம் நாள் சோறும் அவியலும். வீட்டு ஆளுகளைக் கூப்பிட்டு, பிள்ளைகளே இலை போட்டுப் பரிமாறணும்.

நாலே நாலு சட்டம். வேலை தினமும் மாறணும், நேத்து வெட்டினவன் இன்னைக்குக் கழுவணும். பாத்திரம் தேய்க்கிறதும் சமையல்தான், அதை பொம்பளைப் பிள்ளைக தலையில கட்டுனா ஆட்டம் குளோஸ். பெரியாள் கரண்டியைத் தொடக் கூடாது, ஆபத்துன்னா மட்டும் கை வைக்கணும். பரிசு கிடையாது, மார்க் கிடையாது. வெந்துச்சா வேகலையான்னு அடுப்பே மார்க் போட்டிரும்.

செலவு? அரிசி, பயறு, தேங்கா, கிழங்கு. ஒரு சமையல் கேம்ப்புக்குக் கட்டுற ஃபீசுல பத்து பிள்ளைக்கு அஞ்சு நாளும் ஓட்டிரலாம். தமிழ்நாட்டுல 1956-ல காமராஜர் மதிய உணவு, 1982-ல எம்ஜிஆர் சத்துணவு, 2022-ல காலை உணவுன்னு பிள்ளைகளுக்குச் சோறு போடுறதுல நாம யாருக்கும் சளைச்சவங்க இல்ல. அந்தப் பிள்ளைக கையில கரண்டியைக் குடுக்குறதுதான் பாக்கி. பள்ளிக்கூடம் செய்யலேன்னா தெரு செய்யட்டும், தெரு செய்யலேன்னா மொட்டை மாடி செய்யட்டும்.

அப்பன்மாரே, உங்களுக்குத்தான் முக்கியமா சொல்றேன். மேற்பார்வை பாக்குற அந்த ஒரு பெரியாள் நீங்களா இருங்க. சமைக்கத் தெரியாதுன்னா பிள்ளைகளோட சேர்ந்து உட்கார்ந்து உள்ளி உரிங்க. கண்ணு எரியும், பரவாயில்ல. வெங்காயம் வெங்காயத்தை உரிச்சா எரியத்தான் செய்யும் :-)

டிஸ்கி: அடுத்த வருஷம் நெருப்பில்லாச் சமையல் போட்டிக்கு யாராவது என்னை நடுவரா கூப்பிட்டா கண்டிப்பா வருவேன். கையில தீப்பெட்டியோட.